ஆண் மீனுக்கு எதற்கு ஈஸ்ட்ரோஜன்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் விலாங்கு மீனைப் பற்றி எழுதும்போது, "ஆண் மீனின் விந்தகத்துக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை" என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. சிலர் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள், சிலர் பயந்திருக்கிறார்கள், ஒருவர் நான் தவறாக எழுதிவிட்டேன் என்று சான்றோடு எழுதியிருக்கிறார். எனவே இந்த முறை முழுக்க இதே பேச்சுதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: பள்ளியிலிருந்து இன்று வரை ஈஸ்ட்ரோஜன் பெண் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன் ஆண் ஹார்மோன் என்றுதான் படித்து வருகிறேன். ஆண் மீனின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால் அது ஏதோ மிச்சம் மீதி என்று எடுத்துக்கொள்ளலாமா, இல்லை உண்மையிலேயே அதற்கு வேலை உண்டா?
– விலங்கியல் மாணவி, தூத்துக்குடி

பதில்: வேலை உண்டு. முதலில் அந்த 'ஆண்', 'பெண்' பெயர்ப் பலகைகளைக் கழற்றி வைத்துவிடுவோம், அவைதான் குழப்பத்தின் வேர். ஈஸ்ட்ரோஜன்களில் முக்கியமானது எஸ்ட்ராடையால். அதை உடல் எதை வைத்துச் செய்கிறது என்று பாருங்கள்: டெஸ்டோஸ்டிரோனை வைத்துத்தான். அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து எஸ்ட்ராடையாலாக மாற்றுகிறது. ஆகவே ஆண் மீன் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிற வரைக்கும், அரோமட்டேஸ் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கொஞ்சம் எஸ்ட்ராடையாலும் உண்டாகிக்கொண்டே இருக்கும். எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நொதிக்கென்று இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்று முக்கியமாக இனப்பெருக்க உறுப்பில் வேலை செய்கிறது, மற்றது மூளையில். மூளையில் இருப்பது சாதாரண அளவும் இல்லை, பாலூட்டிகளின் மூளையோடு ஒப்பிட்டால் நூறு மடங்கிலிருந்து ஆயிரம் மடங்கு வரை அதிகச் சுறுசுறுப்பு. மிச்சம் மீதிக்காக எந்த உடலும் இவ்வளவு பெரிய ஏற்பாடு செய்து வைக்காது.

சரி, விந்தகத்தில் அது என்ன செய்கிறது? இதற்கு எனக்குத் தெரிந்து மிக அழகான சோதனை ஜப்பானிய விலாங்கில் செய்ததுதான். பண்ணையில் வளர்கிற ஆண் விலாங்கின் விந்தகம் விசித்திரமானது. அதில் விந்துச் செல்லாக மாறக்கூடிய ஆரம்பச் செல்கள் மட்டும் இருக்கும், அதற்கு மேல் ஒரு படிகூட நகராமல் அப்படியே கிடக்கும். வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்தால்தான் வேலை தொடங்கும். ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும், நாம் எதைச் சேர்க்கிறோமோ அதன் விளைவு மட்டும் தனியாகத் தெரியும் அல்லவா! தக்கேஷி மியுரா என்ற ஜப்பானிய அறிஞரும் அவருடைய குழுவினரும் விந்தகத்தைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, மிதக்கிற நெட்டித் துண்டின் மேல் மெல்லிய சவ்வை விரித்து, அதன் மேல் அந்தத் துண்டுகளை வைத்து, கண்ணாடிக் கிண்ணத்து ஊட்டத் திரவத்தில் வளர்த்தார்கள். 1991-இல் அதில் 11-கீட்டோ டெஸ்டோஸ்டிரோன் என்ற, மீன்களில் முக்கியமான ஆண் ஹார்மோனைச் சேர்த்தபோது, மூன்றே வாரத்தில் வால் முளைத்த முழு விந்தணுக்கள் வரை உருவாகிவிட்டன. விலங்கின் உடலுக்கு வெளியே, ஒரு கிண்ணத்துக்குள்!

அப்புறம் 1999-இல் அதே முறையில் எஸ்ட்ராடையாலைச் சேர்த்துப் பார்த்தார்கள். விந்தணு எதுவும் உருவாகவில்லை. ஆனால் அந்த ஆரம்பச் செல்கள், அதாவது மூலச் செல்கள், மெதுவாகப் பிரிந்து தம்மைப் போலவே இன்னும் கொஞ்சம் மூலச் செல்களைப் பெருக்கிக்கொண்டன. ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தால் அது நின்றுபோனது. அதற்குத் தேவைப்பட்ட அளவுதான் என்னை இன்றும் அசரவைக்கிறது: ஒரு மில்லி லிட்டரில் 10 பிகோகிராம். ஒரு பிகோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. எஸ்ட்ராடையால் அந்த மூலச் செல்லிடம் நேராகப் போய்ப் பேசுவதும் இல்லை. அதைச் சுற்றி நின்று ஊட்டி வளர்க்கிற செர்டோலி செல்களிடம் சொல்லி, அவை ஒரு புரதத்தைச் சுரந்து, அந்தப் புரதம்தான் மூலச் செல்லைப் பிரியச் சொல்கிறது.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அறுத்த நெல் முழுவதையும் விற்றுவிட்டால் அடுத்த போகத்துக்கு விதை ஏது? ஒவ்வொரு பருவமும் கோடிக்கணக்கில் விந்தணுவைக் கொட்டித் தீர்க்கிற ஆண் மீனில் விதைநெல்லை எடுத்து வைக்கும் வேலையைச் செய்வது இந்த எஸ்ட்ராடையால்தான். விதைத்து வளர்க்கும் வேலை 11-கீட்டோ டெஸ்டோஸ்டிரோனுடையது. பின்பகுதியில் டிஎச்பி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மூன்றாவது ஒரு ஹார்மோன் வந்து, விந்தணுவை நீந்தத் தகுதியுள்ளதாகப் பக்குவப்படுத்துகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குகின்றன.

கேள்வி: உங்கள் வரியில் 'தேவை' என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. வரிக்குதிரை மீனில் அரோமட்டேஸ் மரபணுவையே நீக்கிவிட்டார்கள். அந்த மீன்கள் எல்லாம் ஆணாகின, குஞ்சும் பொரித்தன. பிறகு எங்கே இருக்கிறது தேவை?
– ஆராய்ச்சி மாணவர், சென்னை

பதில்: நீங்கள் சொல்வது சரி, அந்தச் சொல்லை நான் அளந்து போட்டிருக்க வேண்டும். வரிக்குதிரை மீன் குஞ்சாக இருக்கும்போது எல்லாமே முதலில் சூலகம் போன்ற ஒன்றைத்தான் வளர்க்கும். பிறகு சிலவற்றில் அது கரைந்து விந்தகமாக மாறும். இனப்பெருக்க உறுப்பில் இருக்கும் அரோமட்டேஸ் மரபணுவை நீக்கினால் எஸ்ட்ராடையால் இல்லாமல் சூலகம் நிலைக்க முடிவதில்லை, அதனால் எல்லாம் ஆண். அந்த ஆண்கள் மலடும் இல்லை. திலாப்பியாவிலும், அதாவது ஜிலேபி கெண்டையிலும், அந்த மரபணுவை நீக்கினால் எல்லாம் ஆணாகத்தான் முடிகிறது. ஆகவே 'எஸ்ட்ராடையால் இல்லாவிட்டால் விந்தே இல்லை' என்று எல்லா மீனுக்கும் பொதுவாகச் சொன்னால் அது பிழை.

ஆனால் இதை வைத்து ஆண் மீனில் அது வெட்டி என்று முடிவு கட்டுவதையும் நான் ஏற்க மாட்டேன். ஆய்வகத் தொட்டியில், வேளாவேளைக்குத் தீனி கிடைத்து, போட்டிக்கு வேறு ஆண் இல்லாத இடத்தில் குஞ்சு பொரிப்பது ஒன்று. ஆற்றில் பத்து ஆண்களுக்கு நடுவில் முட்டியடித்து வருடாவருடம் இனம் பெருக்குவது வேறு. மேடக்கா என்ற சின்ன ஜப்பானிய வயல் மீனில் மூளையில் இருக்கும் மற்ற அரோமட்டேஸ் மரபணுவை மட்டும் டோக்கியோ பல்கலைக்கழகத்தார் அண்மையில் நீக்கிப் பார்த்தார்கள். அந்த ஆண் மீன்களின் டெஸ்டோஸ்டிரோன் காலியாகவில்லை, அப்படியிருந்தும் பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்து ஆடுகிற ஆட்டமும் மற்ற ஆண்களை விரட்டுகிற வேகமும் பெரிதும் குறைந்துபோயின. எஸ்ட்ராடையால் கொடுத்ததும் திரும்பி வந்தன. மூளையில் உண்டாகும் எஸ்ட்ராடையால், ஆண் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூட்டிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. அதாவது ஆண் ஹார்மோன் சொல்வதை மூளை கேட்க வேண்டும் என்றால், இந்தப் 'பெண்' ஹார்மோன் கொஞ்சம் இருக்க வேண்டியிருக்கிறது.

விலாங்கு ஒரு மாதிரி, வரிக்குதிரை மீன் ஒரு மாதிரி. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மீன் இனங்கள் இருக்கும் உலகில் எல்லாவற்றுக்கும் ஒரே விதி எழுதிவிட நமக்கு ஆசை வரும், மீன்கள் அதற்கு உடன்படுவதில்லை.

கேள்வி: வீட்டிலேயே கோல்டு ஃபிஷ் வளர்த்து விற்கிறேன். ஆண் மீன்களின் செவுள் மூடியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வந்திருக்கின்றன. வெள்ளைப்புள்ளி நோய் என்று உப்பு போட்டேன், போகவில்லை. கடைக்காரர் "அது ஹார்மோன் புள்ளி" என்கிறார். நீங்கள் எழுதிய ஈஸ்ட்ரோஜனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், கொளத்தூர்

பதில்: கடைக்காரர் சொன்னதுதான் சரி, உப்பை நிறுத்துங்கள். நோயாக இருந்தால் புள்ளி உடம்பு, வால், துடுப்பு என்று கண்ட இடத்திலும் தெளித்த ரவை மாதிரி இருக்கும், மீன் கல்லில் உரசிக்கொண்டே இருக்கும். இது செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் வரிசையாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வருவது. இந்தப் புள்ளி ஆண் ஹார்மோனின் வேலை, ஈஸ்ட்ரோஜனுக்கு இதில் பங்கு சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் தொட்டியில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் வேறொன்றைக் கவனியுங்கள். விடியற்காலையில் சினைப் பெண்ணை ஆண்கள் விரட்டும் அல்லவா? கோல்டு ஃபிஷ்ஷில் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஆண் பெண்ணை நோக்கிப் போவது கூடுகிறது. ஹார்மோன் என்றால் நாள்கணக்கில் மெதுவாக வேலை செய்வது என்றுதான் நாம் நினைத்திருந்தோம். இது நிமிடக் கணக்கு. நுணுக்கமாகப் பார்த்தால் அந்த டெஸ்டோஸ்டிரோன் எஸ்ட்ராடையாலாக மாறிய பிறகுதான் இந்த வேலையைச் செய்கிறது. 2012-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போயிற்று: போட்டி இருக்கும் சூழலில் ஆண் கோல்டு ஃபிஷ் விடும் விந்துநீரின் அளவும் அதிலுள்ள விந்தணுவின் அடர்த்தியும் டெஸ்டோஸ்டிரோனால் சட்டென்று கூடுகின்றன, அதுவும் செல் சவ்வில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வழியாக. பக்கத்தில் இன்னொரு ஆண் நிற்கும்போது யாருடைய விந்து அதிகம் கலக்கிறதோ அவனுக்குத்தான் குஞ்சு. அந்த நொடிப் போட்டியில் ஆணுக்குக் கை கொடுப்பது ஈஸ்ட்ரோஜன் என்பதை முதலில் படித்தபோது எனக்கு ஒரு நாள் முழுக்க வேறு நினைப்பே ஓடவில்லை.

கேள்வி: பண்ணைக் குட்டையில் ஜிலேபி கெண்டை விட ஆசை. 'எல்லாம் ஆண் குஞ்சு' என்று விற்கிறார்களே, அதற்குப் பெண் ஹார்மோன் கொடுக்கிறார்கள் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். ஆணாக்க யாராவது பெண் ஹார்மோன் கொடுப்பார்களா?
– விவசாயி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அண்ணே, கேட்டால் நம்ப முடியாதுதான், ஆனால் ஒரு முறையில் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு வழி இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பரவலாக நடப்பது முதல் வழி. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பை கரைந்து குஞ்சு தீனி எடுக்கத் தொடங்கியதும் மூன்று நான்கு வாரம் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கலந்த தீனி கொடுப்பார்கள், கிலோ தீனிக்கு சுமார் 60 மில்லிகிராம். அந்த வயதில் பால் இன்னும் முடிவாகியிருக்காது, அதனால் எல்லாம் ஆணாகிவிடும். இதில் ஒரு விஷயம் உண்டு. அளவு தாறுமாறாகக் கூடினால் உடல் அந்த உபரியை அரோமட்டேஸ் கொண்டு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடலாம். ஆணாக்கக் கொடுத்தது பெண்களைக் கூட்டிவிட்ட சம்பவங்கள் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. குஞ்சுப் பண்ணையில் 'கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது' என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

இரண்டாவது வழிதான் உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் கேள்விப்பட்டது. பாலை முடிவு செய்யும் குரோமோசோம்கள் திலாப்பியாவில் ஆணுக்கு எக்ஸ்ஒய், பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ், நம்மைப் போலத்தான். ஆண் குஞ்சுகளுக்கு ஈஸ்ட்ரோஜன் தீனி கொடுத்து அவற்றைப் பெண்ணாக்குகிறார்கள். மரபணுவில் ஆண், உடம்பில் பெண், முட்டையும் இடும். அதைச் சாதாரண ஆணோடு சேர்த்தால் பிறக்கும் குஞ்சில் நாலில் ஒன்று ஒய்ஒய். இதை 'சூப்பர் ஆண்' என்கிறார்கள். எது சூப்பர் ஆண் என்று பார்த்துத் தெரியாது, ஒவ்வொன்றாகப் பெண்ணோடு விட்டு, எதன் குஞ்செல்லாம் ஆணாக வருகிறதோ அதைப் பிரித்து எடுக்க வேண்டும். வருடக்கணக்கான பொறுமை வேண்டிய வேலை. அப்படிக் கிடைத்த ஒய்ஒய் ஆணைச் சாதாரணப் பெண்ணோடு விட்டால் குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே ஆண், அவற்றின் வாயில் ஒரு பொட்டு ஹார்மோன்கூடப் பட்டிருக்காது. ஈஸ்ட்ரோஜன் தின்றது அதன் பாட்டி.

இந்த வித்தைக்கு மூலம் 1953. நகோயா பல்கலைக்கழகத்தில் தோக்கியோ யாமமோட்டோ என்ற அறிஞர் மேடக்கா மீனில் செய்து காட்டினார். அவர் கையில் ஓர் அருமையான மேடக்கா வகை இருந்தது, ஆண் எல்லாம் ஆரஞ்சுச் சிவப்பு, பெண் எல்லாம் வெள்ளை, ஏனென்றால் அந்த நிறத்தின் மரபணு ஒய் குரோமோசோமிலேயே உட்கார்ந்திருந்தது. ஈஸ்ட்ரோஜன் தின்ற குஞ்சுகள் வளர்ந்தபோது தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டையிடும் பெண்கள்! நிறம் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது. பிறப்பிலேயே ஆண் என்று முடிவான ஒன்றை ஒரு ஹார்மோன் முழுமையாக மாற்றும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவைப்படவில்லை.

உங்களுக்கு நடைமுறையில்: திலாப்பியா வளர்க்க அனுமதி வாங்க வேண்டும், மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். குஞ்சை உங்கள் மாவட்டத்திலேயே பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழக மையத்தில் விசாரிக்கலாம்.

கேள்வி: சாக்கடை கலந்த ஆற்றில் ஆண் மீன்கள் முட்டையிடுகின்றன என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. கருத்தடை மாத்திரைதான் காரணமாம். இது உண்மையா, பொய்யா?
– வாசகி, ஈரோடு. இதே கேள்வி இன்னும் ஐந்து பேர்

பதில்: ஆண் மீன் முட்டையிடுவதில்லை. ஆனால் ஆண் மீனின் விந்தகத்துக்குள் முட்டைச் செல்கள் உருவாவது உண்மை, நான் அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். நுண்ணோக்கியில் விந்தகத் திசு பொடிப்பொடியாக மணல் மாதிரி தெரியும். அதன் நடுவே ஆங்காங்கே பெரிய உருண்டையாக, புட்டு மாவில் கிடக்கிற பட்டாணி மாதிரி, முட்டைச் செல்கள்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1970-களின் பிற்பகுதியில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்து நீர்த்தேக்கங்களில் தூண்டில் போட்டவர்கள் ரோச் என்ற கெண்டை இன மீனில் ஆணும் பெண்ணும் கலந்த மாதிரி சிலவற்றைப் பார்த்தார்கள். பிறகு புரூனல் பல்கலைக்கழகத்து ஜான் சம்ப்டர் முதலானோர், கழிவுநீர் விழும் இடங்களில் ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் வைத்துத் தொங்கவிட்டார்கள். சில வாரங்களில் ரத்தத்தில் விட்டெல்லோஜெனின் எகிறியது. இது முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதம். பெண் மீனில் சூலகத்து எஸ்ட்ராடையால் கல்லீரலுக்குச் செய்தி அனுப்பும், கல்லீரல் இந்தப் புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடும், சூலகம் உறிஞ்சிக்கொள்ளும். ஆணின் கல்லீரலுக்கும் இதைச் செய்யத் தெரியும், செய்தி வராததால் சும்மா இருக்கிறது. தண்ணீரிலேயே ஈஸ்ட்ரோஜன் கரைந்து வந்தால் அதுவும் வேலையைத் தொடங்கிவிடுகிறது, செய்த புரதத்தை வாங்கிக்கொள்ள அங்கே சூலகம்தான் இல்லை. அதனால்தான் இன்று உலகம் முழுக்க ஆண் மீனின் ரத்தத்தில் இந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்த்தே ஆற்றின் நிலையைக் கணிக்கிறார்கள். 1998-இல் வந்த பெரிய ஆய்வில் எட்டு ஆறுகளின் ரோச் ஆண்களைப் பார்த்தபோது சில இடங்களில் ஒன்று விடாமல் எல்லா ஆணும் இப்படி இருபாலாக இருந்தன.

கனடாவில் இதைவிடத் துணிச்சலாக ஒன்று செய்தார்கள். ஒன்டாரியோவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் ஒன்று, எண் 260. கேரன் கிட் தலைமையில் 2001 முதல் 2003 வரை மூன்று கோடைக்காலம், கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடையாலை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் என்ற அளவில் அந்த ஏரியில் கலந்தார்கள். கழிவுநீரில் கிடைக்கக்கூடிய அளவுதான். அங்கே ஃபேட்ஹெட் மின்னோ என்று ஒரு விரல் நீளக் குட்டி மீன் இருந்தது. ஆண்கள் மஞ்சள் கருப் புரதம் செய்யத் தொடங்கின, விந்தகம் வளராமல் பிந்தியது, சிலவற்றில் முட்டைச் செல் வந்தது. பெண்களுக்கும் முட்டை வளர்ச்சி கெட்டது. சில வருடங்களுக்குள் அந்த மீன் ஏரியிலிருந்து கிட்டத்தட்ட அற்றுப்போனது. இரண்டு மூன்று வருடம் மட்டுமே வாழ்கிற மீன், இரண்டு பருவம் குஞ்சில்லாமல் போனால் அவ்வளவுதான். கலப்பதை நிறுத்திய சில வருடங்களில் அவை மீண்டு வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வியில் சொன்ன 10 பிகோகிராம் நினைவிருக்கிறதா? ஒரு மில்லி லிட்டருக்கு 10 பிகோகிராம் என்றால் லிட்டருக்கு 10 நானோகிராம். விலாங்கின் விந்தகத்தில் விதைநெல்லைக் காப்பாற்றிய அளவும் ஏரி 260-இல் மீனையே அழித்த அளவும் எண்ணிக்கையில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். வேறு மீன், வேறு பொருள். எத்தினைல் எஸ்ட்ராடையால் சீக்கிரம் சிதையாது, மீனுக்குள் இயற்கையானதைவிடப் பல மடங்கு வீரியம் காட்டும். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஒன்று தெரிகிறது: இது மிக மெல்லிய குரலில் பேசும் ஹார்மோன், இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் பேசினால்தான் பயன். ஆறு முழுக்க, பகல் இரவு பார்க்காமல் அது ஒலித்துக்கொண்டே இருந்தால் மூளை 'விந்தகம் போதுமான அளவு வேலை செய்கிறது' என்று எடுத்துக்கொண்டு, விந்தகத்தைத் தூண்டும் ஹார்மோன்களைக் குறைத்துவிடும். விந்தகமும் தன் பங்குக்கு 11-கீட்டோ டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும்.

மாத்திரை மட்டுமே காரணம் என்பது பாதி உண்மைதான். பெண்கள் எல்லோரும், கர்ப்பிணிகள் இன்னும் அதிகமாக, இயற்கையாகவே சிறுநீரில் ஈஸ்ட்ரோஜனை வெளியேற்றுகிறார்கள், ஆண்களும் கொஞ்சம், மாட்டுப் பண்ணைகளும். சாயம், சலவைத் தொழிலில் பயன்படும் சில சோப்புப் பொருட்கள் சிதைந்து நோனைல்ஃபீனால் என்ற பொருள் வருகிறது, அதுவும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். யார்க்‌ஷயரின் ஏர் என்ற இங்கிலாந்து ஆற்றில் கம்பளி ஆலைக் கழிவால் ஆண் மீன்கள் கெட்டது இதனால்தான். நம் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரிலும் நோனைல்ஃபீனாலை அளந்து கண்டிருக்கிறார்கள். நீங்கள் ஈரோட்டிலிருந்து கேட்பதால் சொல்கிறேன், சாயக்கழிவு என்றால் தண்ணீரின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறம் தெளிந்ததும் திருப்திப்படக் கூடாது.

இருபால் ஆண்கள் குஞ்சே பொரிக்காதா என்று இருவர் கேட்டிருந்தீர்கள். லேசாகப் பாதித்தவை சமாளிக்கின்றன. மோசமாகப் பாதித்தவை மற்ற ஆண்களோடு போட்டியிட்டு இனம் பெருக்கும்போது வெற்றி 76 சதவீதம் வரை குறைந்ததை 2011-இல் காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் ஆற்று மீனைச் சாப்பிடுகிற ஆண் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகுமா? என் மகனுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது.
– ஒரு தாய், நாகப்பட்டினம்

பதில்: ஈஸ்ட்ரோஜனைப் பொறுத்தவரை பயப்படாதீர்கள் அம்மா. மீனின் சதையில் இருப்பது மிகச் சொற்பம், உங்கள் மகனின் உடம்பே அதைவிட அதிகம் செய்கிறது. விட்டெல்லோஜெனின் வெறும் புரதம், முட்டை மாதிரி செரித்துவிடும். மீன் அந்தத் தண்ணீரிலேயே மூச்சு விட்டு இரவு பகல் ஊறிக் கிடப்பதால்தான் அதற்கு ஆபத்து. ஆலைக் கழிவு விழும் இடத்து மீனை வேண்டாம் என்பேன், அதற்குக் காரணம் பாதரசம் போன்ற உலோகங்கள்.

கேள்வி: கொடுவா மீன் முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாகும் என்கிறார்களே?
– மீனவர், பழவேற்காடு

பதில்: உண்மைதான். பெரும்பாலும் மூன்று நான்கு வயதில் ஆணாக முதிர்ந்து, இன்னும் சில வருடம் கழித்துப் பெண்ணாகும். அந்த மாற்றத்தில் அரோமட்டேஸ் கூடி எஸ்ட்ராடையால் ஏறும், விந்தகத் திசு ஒதுங்கிச் சூலகம் வளரும். உங்கள் வலையில் விழும் சின்னக் கொடுவாக்களில் சினை பார்க்க முடியாததும், பெரிய கொடுவா என்றால் சினையோடு வருவதும் இதனால்தான். பெரியதையெல்லாம் பிடித்துவிட்டால் கடலில் ஆண்கள் மட்டுமே மிஞ்சும். குஞ்சுப் பொரிப்பகங்களுக்கும் இது தலைவலி, பெண்ணுக்காக வருடக்கணக்கில் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இளம் மீனுக்கு எஸ்ட்ராடையால் கொடுத்துச் சீக்கிரம் பெண்ணாக்கிப் பார்த்திருக்கிறார்கள். களவா மீனில் நேர் எதிர்: முதலில் பெண், பிறகு ஆண், அங்கே ஈஸ்ட்ரோஜன் இறங்க வேண்டும்.

கேள்வி: கெண்டைக் குஞ்சுப் பொரிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சில ஆண் மீன்களில் விந்து சரியாக வரவில்லை. ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் கூடுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: போட்டுவிடாதீர்கள்! விந்தகத்துக்குள் அது தானே உண்டாக்கிக்கொள்ளும் அளவு வேறு, நாம் ஊசியில் ஏற்றும் அளவு வேறு. ஏற்றினால் மூளை விந்தகத்தைத் தூண்டுவதை நிறுத்திக்கொள்ளும், வருகிற கொஞ்சமும் நின்றுபோகும். நீங்கள் பெண் மீனுக்குப் போடும் அதே தூண்டு ஊசி, ஓவாப்ரிம் மாதிரி, ஆணுக்குக் குறைந்த அளவில் போதும். அது மூளையடிச் சுரப்பியை எழுப்பி மற்றதை மீனே பார்த்துக்கொள்ளும்படி செய்கிறது.

அதற்கு முன்னால் ஆணைச் சரியாகத் தேர்ந்தெடுக்கிறீர்களா என்று பாருங்கள். ஈரத் துணியில் மீனைப் பிடித்து, மார்புத் துடுப்பின் உள்பக்கத்தைப் பெருவிரலால் தடவுங்கள். பருவத்துக்கு வந்த ஆண் என்றால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும், பெண்ணுக்கு வழவழப்பு. சொரசொரப்பு இருக்கும் மீனின் வயிற்றை மலத்துளைப் பக்கமாக மெல்ல வருடினால் கெட்டிப் பால் மாதிரி ஒரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீராக வந்தால் அந்த மீனை இந்த முறை விட்டுவிட்டு, இரண்டு மூன்று வாரம் நல்ல தீனி கொடுத்து மறுபடி பாருங்கள். பார்க்கும்போது கை ஈரமாக இருக்கட்டும், சொட்டு விழும் தட்டு மட்டும் உலர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் பட்ட உடனே விந்தணு ஓடத் தொடங்கி, ஒன்றிரண்டு நிமிடத்தில் ஓய்ந்துவிடும்.